காலம் பார்த்துக் கப்பல் விட்டவர்



எனக்குச் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். வானம் பார்த்த கரிசல் பூமி. கண்மாய் பெரிசாக இருக்கும், தண்ணீர்தான் இருக்காது. எங்க ஊர் சம்சாரிகளிடம் 'புழுதி விதைப்பு' என்று ஒரு கணக்கு உண்டு. மழைக்கு முன்னாடியே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட வேண்டும். சொன்ன நாளில் மழை வந்தால் ஜெயிப்பு. பிந்தினால் எறும்பும் குருவியும் தின்றுவிடும். சரி, மழை பெய்த பிறகு போடலாமே என்று இருந்தால், ஈரக் கரிசலில் கால் வைக்க முடியாது. பருவம் கையை விட்டுப் போய்விடும்.

மூன்று வருஷத்துக்கு முன் எங்க அய்யா அந்த நாளைச் சரியாகத்தான் கணித்தார். ஆனால் விதை வாங்கக் கையில் காசு இல்லை. கடன் கிடைக்கப் பத்து நாள் ஆனது. அதற்குள் மழை வந்துவிட்டது. பக்கத்துக் காட்டில் மல்லி தழைத்து நின்றது, எங்க காட்டில் களை முளைத்தது. நேரம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தொழிலுக்கும் இது பொருந்துமா என்று யோசித்தபோது, நூலகத்தில் கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரனாரின் வரலாறு கையில் கிடைத்தது. அவரை நாம் தியாகி என்று படித்திருக்கிறோம். செக்கிழுத்தவர் என்று கண்ணீர் விட்டிருக்கிறோம். ஆனால் அவர் ஒரு கம்பெனியைத் தொடங்கி நடத்திய தொழிலதிபர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அதுவும் நம்மைப் போல மானாவாரிச் சீமைதான். தந்தையார் உலகநாத பிள்ளை, தாயார் பரமாயி அம்மாள். தந்தையைப் போலவே வக்கீலாகி, 1900-ல் தூத்துக்குடிக்குத் தொழில் நடத்த வந்தார். அன்றைக்குத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. பஞ்சம் பிழைக்கக் கொழும்புக்குப் போன நம் சனங்களும், வியாபாரிகளின் சரக்கும் அவர்களுக்குத்தான் கூலி கொடுத்தாக வேண்டும்.

இந்த நிலைமை 1900-லேயே இருந்ததுதான். அப்போதே ஒருவர் எழுந்து சுதேசிக் கப்பல் விடப் பங்கு வாங்குங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் பணம் போட்டிருப்பார்கள்? 1905-ல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாடு முழுக்கச் சுதேசி அலை அடித்தது. அந்நியத் துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அலை எழும்பிய நேரம் பார்த்து வ.உ.சி. படகை இறக்கினார். 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். சாதாரண ஆளும் ஒரு பங்கு வாங்கலாம் என்று வைத்தது எவ்வளவு பெரிய யோசனை!

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. கம்பெனியின் தலைவராக இருந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரும் அவரே. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகிற பஸ்ஸில் தினமும் அந்தப் பாலவநத்தத்தைத் தாண்டித்தான் நான் காலேஜுக்கு வருகிறேன். இத்தனை நாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் இது தெரியாமல் போனதே என்று வெட்கப்பட்டேன்.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியில் அந்த வாடகை நின்றுபோனது. இங்கேதான் வ.உ.சி.யின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். ஓட்டம் நின்றால் மக்களின் நம்பிக்கையும் நின்றுவிடும் என்று உணர்ந்து, உடனே கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். அடுத்து, சொந்தக் கப்பல் வாங்க வடக்கே புறப்பட்டார். வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவியோ கர்ப்பிணி. ஆனாலும் அந்த நாளைத் தள்ளிப்போட அவர் தயாராக இல்லை. 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் போகலாம்.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கினார்கள். ஏன் அவர்களால் முடிந்தது? அவர்களுக்கு வேறு கடல்களிலும் கப்பல் ஓடியது. இங்கே வந்த நஷ்டத்தை அங்கே ஈடுகட்டலாம். நம்மவர்களுக்கோ இந்த ஒரு தடம்தான். நேரம் பார்க்கத் தெரிந்தவன் ஒருவன், காத்திருக்க முதல் உள்ளவன் இன்னொருவன். எங்க அய்யாவின் பத்து நாள் எனக்கு இந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது.

அடுத்து வந்தது 1908. பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அதே மார்ச்சில் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடினார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. ஜூலை 7-ல் இரட்டை ஆயுள், அதாவது 40 ஆண்டு தீவாந்தர தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அவர் கோவை, கண்ணூர் சிறைகளில் வாடிய காலத்தில் கம்பெனி தலைவன் இல்லாத வீடாக நொடித்து, 1911-ல் கலைக்கப்பட்டது. கப்பல்களும் விற்கப்பட்டன.

வக்கீல் சன்னதும் பறிபோய், சென்னையில் மண்ணெண்ணெய்க் கடை வைத்துப் பிழைத்தார் அந்த மனிதர். சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.

இப்போது ஒரு கேள்வி. கம்பெனி காலூன்றும்வரை அரசியலை ஒரு இரண்டு வருஷம் ஒதுக்கி வைத்திருந்தால்? கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால், 1908-ல் அவர் எடுத்த முடிவு தப்பான நேரத்தில் எடுத்த முடிவுதான். பங்கு போட்ட எளிய மனிதர்களின் பணமும் அதில் போனது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் மில் தொழிலாளி வாசலில் வந்து நின்றபோது, கப்பலைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தக் கப்பலுக்குச் சுதேசி என்ற பெயர் நிலைக்குமா? அந்த நம்பிக்கைதானே அதன் முதல்! எனக்கு இன்னும் முழுசாக விடை கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. 1919 ஏப்ரல் 5-ல் சிந்தியா கம்பெனியின் லாயல்டி என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே புழுதியில் விதைத்தவர் நம்மவர். மழை பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

நான் எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன். டிப்ளமோ முடித்ததும் மோட்டார் ரீவைண்டிங் கடை வைக்கலாம் என்று நானும் என் நண்பனும் பேசி வைத்திருந்தோம். இப்போது திட்டத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். முதல் இரண்டு வருஷம் வேலைக்குப் போய் முதல் சேர்ப்பது, சித்திரை வெயிலில் போர் மோட்டார்கள் காயில் புகைந்து நிற்கிற நேரம் பார்த்துக் கடையைத் திறப்பது, நாலு மாதம் வருமானம் இல்லாவிட்டாலும் தாங்குகிற அளவுக்குக் கையில் வைத்துக்கொள்வது. அய்யாவிடம் சொன்னேன். விதையை முன்கூட்டியே வாங்கி வைக்கப் பழகிவிட்டாய் என்று சிரித்தார்.

நண்பர்களே! நேரம் வரும், நிச்சயம் வரும். அது வரும்போது நம் கை வெறுங்கையாக இருக்க வேண்டாம்.

வாழ்க வ.உ.சி. புகழ்!