மழைக் கணக்குப் போட்ட வாக்கர்

இந்தியாவில் 1877-ம் ஆண்டிலும் 1899-ம் ஆண்டிலும் பருவமழை பொய்த்தது. பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். 1899-ல் மழை நன்றாகப் பெய்யும் என்று வானிலை இலாகா முன்கூட்டியே அறிவித்திருந்தது. சொன்னதற்கு நேர்மாறாக நடந்தது.

அந்த இலாகாவின் தலைமைப் பதவிக்கு 1904-ல் வந்தவர்தான் கில்பர்ட் வாக்கர்.

பூமராங் வாக்கர்

வாக்கர் 1868 ஜூன் 14-ந் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1889-ம் ஆண்டு கணிதத் தேர்வில் முதலாவதாகத் தேறினார். எறிந்தவரிடமே திரும்பி வரும் 'பூமராங்' என்ற வளைதடியை ஓயாமல் வீசி, அதன் கணக்கை ஆராய்ந்தார். நண்பர்கள் அவரை 'பூமராங் வாக்கர்' என்றே அழைத்தனர்.

வானிலை அவர் படித்த பாடம் அல்ல. கணக்குதான் அவருக்குத் தெரிந்த வித்தை. அதையே அவர் மழைக்கும் போட்டுப் பார்த்தார்.

தராசுத் தட்டுகள்

உலகின் பல பகுதிகளிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழை அளவுகளை வரவழைத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. இந்திய குமாஸ்தாக்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, பேனாவும் காகிதமுமாகக் கூட்டிக் கழித்தனர்.

அதில் ஓர் அதிசயம் தெரிந்தது. பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால், இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால், இங்கே ஏறுகிறது. தராசின் இரண்டு தட்டுகள் போல! இதற்குத் 'தென் அலைவு' என்று அவர் பெயர் வைத்தார்.

காடுகளை அழித்ததால் நாட்டில் மழை நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. வாக்கர் பழைய பதிவுகளை அலசினார். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1910-ல் எழுதினார். சில ஆண்டு வறட்சியை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது அவர் கொள்கை.

ராமானுஜனுக்கு உதவி

1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னை வந்தார். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலை பார்த்தார். அவர் எழுதிய கணக்குகளை வாக்கரிடம் காட்டினார்கள். வாக்கர் வியந்து போனார். அந்த இளைஞருக்கு உதவித்தொகை தரவேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு உடனே கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் கிடைத்தது. அந்தக் குமாஸ்தாதான் கணித மேதை ராமானுஜன்.

மறைவுக்குப் பின்

வாக்கர் 1924-ல் 'சர்' பட்டத்துடன் இந்தியாவை விட்டுச் சென்று, லண்டனில் பேராசிரியர் ஆனார். தென் அலைவின் காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. அதனால் பலர் அதை நம்பவில்லை. 1958 நவம்பர் 4-ந் தேதி அவர் காலமானார்.

1969-ல் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி, பசிபிக் கடல்நீர் சூடாவதற்கும் இந்த அலைவுக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே சூட்டினார்.

இன்று டாகிட்டி தீவிலும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தைக் குறியீட்டு எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். அது வெகுவாக இறங்கினால் 'எல் நினோ' என்று பொருள். தென்மேற்குப் பருவமழை குறையக்கூடும். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை கூடக்கூடும். 2015-ல் இரண்டும் நடந்தன. நாட்டில் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது.

ஆனால் 1997-ல் கடுமையான எல் நினோ வந்தும் தென்மேற்குப் பருவமழை பொய்க்கவில்லை. மழையின் கணக்கு இன்னும் முழுவதும் பிடிபடவில்லை. அந்தக் கணக்கில் முதல் சில வரிகளை எழுதியவர் வாக்கர். அவருக்காக இரவு பகலாகக் கூட்டிக் கழித்த குமாஸ்தாக்களுக்கும் அதில் பங்கு உண்டு.