பூளவாடிக் கவிராயர்

ஒரு பாட்டை யார் பாடினது, யார் நடிச்சதுன்னு கேட்டால் நாம எல்லாரும் டக்குன்னு சொல்லிடுவோம். எழுதினது யாருன்னு கேட்டால் முழிப்போம். அப்படி எழுதின ஒருவரைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். அவர் ரொம்ப தூரத்து ஆள் இல்லை. பழனிக்கு இறங்கி மேற்கே போனால் உடுமலைப்பேட்டை. அதன் பக்கத்தில் பூளவாடி. அங்கே 25.9.1899-ல் பிறந்தவர் உடுமலை நாராயணகவி.

வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் கும்மியும் சிந்தும் சின்ன வயதிலேயே காதில் ஏறிவிட்டன. முத்துசாமிக் கவிராயரிடம் சேர்ந்து நாடகத்துக்குப் பாட்டு எழுதப் பழகினார். மைக் இல்லாத காலம். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேரணும். ஜனங்களுக்குப் பிடிச்சுப் போனால் ஒன்ஸ்மோர்! பாட்டு நீண்டுகொண்டே போகும்.

பிறகு இசைத்தட்டு பரவியது. 1931-ல் 'காளிதாஸ்' வந்து, படமும் பேச ஆரம்பித்தது. அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். விடிய விடிய நடக்கும் நாடகத்துக்கு எழுதின கை அதற்குள் கதையைச் சொல்லி முடிக்கணும். எத்தனையோ நாடகக்காரர்களுக்கு இது ஒத்துவரவில்லை. கவிராயர் அசரவில்லை. கும்மி மெட்டையும் வீட்டில் பேசுகிற சொல்லையும் அப்படியே சினிமாவுக்குள் கொண்டு போனார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம் இதுதான்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்காக நிறைய எழுதினார். நந்தனார் கதையைப் போலவே, படிப்பின் பெருமையைச் சொல்லும் 'கிந்தனார்' காலட்சேபமும் அவர் எழுதியதே. 1949-ல் வந்த 'நல்லதம்பி'யில் ஒரு விஞ்ஞானப் பாட்டு இருக்கிறது. கலைவாணரும் டி.ஏ.மதுரமும் பாடுவார்கள். நெல்லுக் குத்த மிஷின் வேணும், பட்டனைத் தட்டினால் பலகாரம் வரணும் என்று ஆசைகள் அடுக்கடுக்காக வரும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அது வெறும் தமாஷ் இல்லை. மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் இல்லாத காலத்தில் குத்துவதும் அரைப்பதும் யார் கை? எங்க பாட்டி உள்ளங்கையில் இன்னும் உலக்கைக் காய்ப்பு இருக்கு. இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாட்டி சிரிக்கவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னாங்க.

'வேலைக்காரி', 'தேவதாஸ்' முதலிய படங்களுக்கும் எழுதினார். மூடநம்பிக்கையைச் சாடியதால் பகுத்தறிவுக் கவிராயர் என்று பெயர் பெற்றார். 23.5.1981-ல் மறைந்தார்.

இன்று மூன்று நிமிடக் கட்டுப்பாடு கிடையாது. செல்போனில் எத்தனை ஆயிரம் பாட்டு வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் திரையில் பாடகர் பெயர், படப் பெயர் மட்டும் வந்து, எழுதினவர் பெயர் விடுபட்டுப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ரேடியோ அறிவிப்பாளர்கள் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். கோடைப் பண்பலையில் பழைய பாட்டு போடும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். உடுமலைப்பேட்டையில் கவிராயருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அடுத்த சுற்றுலாவுக்குப் பழனி போவதாக இருந்தால், சார், அப்படியே அங்கேயும் கூட்டிட்டுப் போங்க.