மூன்றும் நான்கும் ஐந்து: மின்சாரத்துக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த ஸ்டைன்மெட்ஸ்

தம்பி தங்கைகளே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. மூணும் நாலும் சேர்ந்தால் எத்தனை? ஏழு என்று எழுதினால் எந்த ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். ஆனால் நம்ம வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற கரண்டில் மூணும் நாலும் சில நேரம் ஐந்துதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிக்கிற அண்ணன், அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்பார்கள்.

இந்தக் கணக்கைப் பொறியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாலடி உயரம் மட்டுமே இருந்த, முதுகு கூனிய ஒரு மனிதர். பெயர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ். எடிசனும் டெஸ்லாவும் வாழ்ந்த காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் இவரையும் கொண்டாடின. இன்று நம்மில் பல பேர் அவர் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அவர் காட்டிய வழியில் கணக்குப் போடாமல் ஒரு மின்நிலையம்கூட கட்ட முடியாது.

1865 ஏப்ரல் 9-ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அப்போது அது பிரஷ்யாவில் இருந்தது. இப்போது போலந்தில் விரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். அம்மா குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். முதுகுக் கூனும் இடுப்புக் கோளாறும் பிறவியிலேயே வந்தவை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும்கூட அதே குறைதான். ஓடி விளையாட முடியாத பையன் புத்தகத்தில் மூழ்கினான். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கணிதத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. கிரேக்கக் கதையில் புரோட்டியஸ் என்று ஒரு கடல் தெய்வம் உண்டு; நினைத்த உருவம் எடுக்கும். கூடப் படித்தவர்கள் அந்தப் பெயரையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள்.

படிப்பு முடிகிற நேரத்தில் சிக்கல் வந்தது. பிஸ்மார்க்கின் ஆட்சி சோஷலிசக் கட்சியைத் தடை செய்திருந்த காலம் அது. ஸ்டைன்மெட்ஸ் அந்தக் கொள்கை கொண்ட மாணவர்களோடு சேர்ந்து, பத்திரிகை வேலையும் பார்த்தார். போலீஸ் தேட ஆரம்பித்ததும் 1888-இல் நாட்டை விட்டுத் தப்பினார். டாக்டர் பட்டத்துக்கான ஆய்வு ஏறக்குறைய முடிந்திருந்தது. பட்டத்தை வாங்க அவர் ஊரில் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரில் ஒரு வருடம் படித்துவிட்டு, ஆஸ்முசென் என்ற நண்பரோடு கப்பல் ஏறினார்.

1889-இல் நியூயார்க் துறைமுகம். வயது 24. கையில் பணம் இல்லை. ஆங்கிலம் சரியாக வராது. குடிநுழைவு அதிகாரிகள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்யப் போகிறான், நாட்டுக்குப் பாரமாகத்தான் இருப்பான் என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். ஆஸ்முசென் விடவில்லை. இவன் பெரிய கணித அறிவாளி, இவனுக்கு நான் பொறுப்பு என்று மன்றாடி உள்ளே அழைத்துப் போனார். அந்த ஒரு நண்பன் மட்டும் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

யாங்கர்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஐக்கமயர் என்பவரின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான். தொப்பி செய்கிற இயந்திரங்களில் ஆரம்பித்து, மின்மோட்டார் செய்யவும் இறங்கியிருந்தார். ஸ்டைன்மெட்ஸுக்கு வரைபடம் போடுகிற வேலை. அங்கேதான் மோட்டார் ஏன் சூடாகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

மோட்டாருக்குள்ளும் டிரான்ஸ்பார்மருக்குள்ளும் இரும்பு இருக்கிறது. மாறுதிசை மின்னோட்டம் ஓடும்போது அந்த இரும்பின் காந்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். நம்ம நாட்டுக் கரண்டில் நொடிக்கு 50 தடவை அந்தச் சுற்று நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரும்பு கொஞ்சம் தயங்கித்தான் திரும்பும். அந்தத் தயக்கத்தில் வீணாகிற சக்தி சூடாக மாறுகிறது. எவ்வளவு வீணாகும் என்று முன்கூட்டியே சொல்ல அன்று சரியான வழி இல்லை. இயந்திரத்தைச் செய்து பார்ப்பார்கள். சூடானால் மறுபடி வேறு மாதிரி செய்வார்கள். காசும் போச்சு, நேரமும் போச்சு.

ஸ்டைன்மெட்ஸ் பல வகை இரும்புகளை அளந்து அளந்து எழுதினார். 1892-இல் விதியைச் சொல்லிவிட்டார். இரும்பில் காந்தத்தின் செறிவை இரண்டு மடங்கு ஆக்கினால், வீணாகும் சக்தி ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகும். இதன் பிறகு மோட்டாரை முதலில் காகிதத்தில் சோதித்துப் பார்க்கலாம். அப்போது அவருக்கு வயது 26. அமெரிக்காவுக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

அடுத்த வருடம் 1893-இல், சிகாகோவில் நடந்த உலக மின்பொறியாளர் மாநாட்டில் அந்த மூன்று, நான்கு, ஐந்து கணக்கு வந்தது.

ஒரு சுருளில் கம்பியின் தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருளின் காந்தம் தருகிற எதிர்ப்பு 4 ஓம். இரண்டையும் அப்படியே கூட்டி 7 என்று சொல்லக்கூடாது. ஏனென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தில் இருக்கும். வீட்டிலிருந்து கிழக்கே 3 கிலோமீட்டர் நடந்து, அங்கிருந்து வடக்கே 4 கிலோமீட்டர் நடந்தால் வீட்டுக்கும் உங்களுக்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம்? 5 கிலோமீட்டர்தான். அதே முக்கோணம்தான் இங்கேயும்.

இந்தக் கணக்கையெல்லாம் அதற்கு முன்னால் கடினமான நுண்கணிதச் சமன்பாடுகளால் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய கணித அறிவு இருக்கிறவர்களுக்கே தலை சுற்றும். ஸ்டைன்மெட்ஸ் கற்பனை எண்களைக் கொண்டுவந்தார். கணிதப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற, ஒன்றுக்கும் உதவாத எண்கள் என்று பல பேர் நினைத்தவை அவை. கிழக்கே போகிற அளவைச் சாதாரண எண்ணால் எழுது, வடக்கே போகிற அளவைக் கற்பனை எண்ணால் எழுது, பிறகு பள்ளிக்கூட இயற்கணிதம் போதும் என்று காட்டினார். அணையும் அருவியும் ஓர் இடத்தில், ஊர் வேறு இடத்தில் என்று மின்சாரம் தூரம் போக ஆரம்பித்த நேரம் அது. 1896-இல் நயாகரா அருவியின் மின்சாரம் சுமார் 40 கிலோமீட்டர் தாண்டி பஃபலோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட வேலைகளுக்கு இந்தக் கணக்கு கட்டாயம் தேவைப்பட்டது.

ஆனால் ஒரு விஷயம். ஆரம்பத்தில் அவர் சொன்னது பல பொறியாளர்களுக்குப் புரியவே இல்லை. இங்கேதான் இந்த மனிதர் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. புரியாதவர்கள் மேல் அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து பாடப்புத்தகம் எழுதினார். 1897-இல் முதல் புத்தகம் வந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். ஸ்கெனெக்டடி நகரில் இருக்கும் யூனியன் கல்லூரியில் மின்பொறியியல் துறையை நடத்தி மாணவர்களுக்கு நேரில் பாடம் எடுத்தார். ஒரு தலைமுறை முழுக்க அவர் புத்தகத்தைப் படித்துத்தான் மின்பொறியாளர் ஆனது. தப்பி ஓடியபோது கிடைக்காமல் போன டாக்டர் பட்டத்தை 1903-இல் அந்தக் கல்லூரியே அவருக்குக் கொடுத்தது.

ஐக்கமயரின் தொழிற்சாலையை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி வாங்கியபோது ஸ்டைன்மெட்ஸும் அதில் சேர்ந்தார். 1894 முதல் கடைசி வரை ஸ்கெனெக்டடிதான் அவர் ஊர். சுமார் 200 காப்புரிமைகள் அவர் பெயரில் இருக்கின்றன. பிறவிக் குறை தன் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் கல்யாணமே செய்யவில்லை. ஆய்வுக்கூடத்தில் உதவியாக இருந்த ஜோசஃப் ஹேடன் என்ற இளைஞருக்குக் கல்யாணம் ஆனதும், இரண்டு பேரும் என் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார். பிறகு ஹேடனைச் சட்டப்படி மகனாகத் தத்து எடுத்தார். மூன்று பேரப் பிள்ளைகள் அவர் மடியில் கதை கேட்டு வளர்ந்தார்கள்.

நகரத்துப் பள்ளிக்கூட வாரியத்துக்கும் அவர் தலைவராக இருந்தார். புதிய பள்ளிகளும் விளையாட்டுத் திடல்களும் வரப் பாடுபட்டார். நோயாளிப் பிள்ளைகளுக்கும், ஆங்கிலம் தெரியாமல் வந்து இறங்கிய குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் தனி வகுப்புகள் ஏற்பாடு செய்தார். ஏன் என்று சொல்லவா வேண்டும்? ஆங்கிலம் வராமல் துறைமுகத்தில் நின்றதை அவர் மறக்கவில்லை போல.

1920-இல் ஆற்றங்கரையில் இருந்த அவருடைய மரக் குடிலில் மின்னல் விழுந்தது. உள்ளே ஒரு கண்ணாடி தூள் தூளானது. வேறு யாராவது என்றால் பெருக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவர் துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, மின்னல் எந்த வழியில் போனது என்று ஆராய்ந்தார். 1922-இல் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே 1,20,000 வோல்ட் செயற்கை மின்னலை உண்டாக்கி, மரக்கட்டையைச் சிதறடித்துக் காட்டினார். வேடிக்கைக்காகச் செய்யவில்லை. மின்கம்பிகளைக் காப்பாற்றுகிற மின்னல் தடுப்பிகளைச் சோதிக்கத்தான். உலகத்தில் இடிமின்னல் அதிகமாக இருக்கிற இடங்களில் நம்ம மலேசியாவும் ஒன்று. சாயங்காலம் இடி இடித்த பிறகும் வீட்டில் லைட் எரிகிறது என்றால், அப்படிச் சோதித்துச் சோதித்துச் செய்த கருவிகள் எங்கேயோ காவல் நிற்கின்றன.

1923 அக்டோபர் 26-ஆம் தேதி, 58-ஆவது வயதில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

நம்ம இயக்கத்தில் எஸ்.பி.எம். பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு எடுக்க ஆள் கேட்டால், எனக்குத் தெரியும், ஆனால் சொல்லிக் கொடுக்க வராது என்று நழுவுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் நழுவியவன்தான். ஸ்டைன்மெட்ஸுக்குத் தெரிந்த கணக்கு அவர் தலைக்குள்ளேயே இருந்திருந்தால் அது அவரோடு போயிருக்கும். புரியாதவனுக்கும் புரிகிற மாதிரி எழுதி வைத்ததால்தான் இன்றைக்கும் பொலிடெக்னிக்கில் ஒரு தம்பி 3-ஐயும் 4-ஐயும் வைத்து 5 என்று எழுதுகிறான். அடுத்த சனிக்கிழமை கணக்கில் திணறுகிற ஒரு பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கு ஆஸ்முசென் செய்ததும் அவ்வளவுதான்: பக்கத்தில் நின்றார்.