படை நோயின் வேரைக் கண்ட டாக்டர் குரூபி

தலையில் படை வந்த குழந்தையின் பாடு, அந்தக் காலத்து ஐரோப்பாவில் பெரும்பாடு!

முடி உதிரும். மஞ்சள் நிறத்தில் பொருக்குக் கட்டும். எலி நாற்றம் வீசும்.

வழிவழியாக வந்த வைத்தியமோ நோயைவிடக் கொடியது. கீலைத் துணியில் தடவி, தொப்பிபோலத் தலையில் ஒட்டிவிடுவார்கள். இறுகியதும் பிய்த்து எடுப்பார்கள். முடி வேரோடு வரும். குழந்தை அலறும்.

நோய்க்குக் காரணம்? ரத்தம் கெட்டுவிட்டது என்றார்கள் வைத்தியர்கள். கரப்பான், சிரங்கு, படை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்தார்கள்.

அந்த மூட்டையை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் டேவிட் குரூபி.

ஏழை வீட்டுப் பிள்ளை

குரூபி 1810-ம் ஆண்டு பிறந்தார். அன்று ஹங்கேரியைச் சேர்ந்திருந்த அவருடைய கிராமம், இன்று செர்பியா நாட்டில் இருக்கிறது. ஏழை யூதக் குடும்பம். பள்ளிக்கூடத்து வாசலில் நின்றே பாடம் கேட்டார் என்று ஒரு கதை உண்டு.

வியன்னா நகரில் படித்து, 1839-ல் டாக்டர் ஆனார். கெட்டிக்காரர்தான். ஆனால், யூதராக இருந்ததால் அங்கே பெரிய பதவி கிடைக்கவில்லை. மதம் மாறினால் கிடைத்திருக்கும். அவர் மாறவில்லை. பாரிசுக்குப் புறப்பட்டுவிட்டார்.

பொருக்குக்குள் என்ன?

பாரிசில் குரூபி செய்த வேலை மிக எளிது. படை வந்த தலையிலிருந்து கொஞ்சம் பொருக்கை எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

கெட்ட ரத்தம் எங்கே? உள்ளே கிளை கிளையாக நூல்கள்! அவற்றோடு நுண்ணிய வித்துகள்! ஊறுகாயில் பூக்குமே பூஞ்சக்காளான், அதன் உறவுதான் குழந்தையின் தலையில் குடியிருந்தது.

இதை 1841-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். சூரிக் நகரில் ஷோன்லைன் என்ற டாக்டர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் காளானைப் பார்த்திருந்தார். குரூபிக்கு அது தெரியாது. ஆனால், குரூபி அத்தோடு நிற்கவில்லை. பொருக்கை எடுத்து வேறு உடலில் வைத்தால், நோயும் ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினார்.

அப்போது லூயி பாஸ்டர் படித்துக்கொண்டிருந்த இளைஞர். காச நோய்க் கிருமியைக் கண்ட கோக் பிறக்கவே இல்லை!

1842-ல், குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் படியும் நோயிலும், தாடியில் வரும் ஒருவகைப் படையிலும் காளானைக் கண்டார்.

பெயர் செய்த கேடு

1843-ல் குரூபி இன்னொரு காளானைக் கண்டார். இது முடியைச் சுற்றி உறைபோலப் படிந்து, அதை ஒடித்துவிடுகிறது. மைக்ரோஸ்போரம் என்று பெயரிட்டார். சரியான கண்டுபிடிப்பு. ஆனால் நோயைக் குறிக்க அவர் எழுதிய பெயர், வேறொரு நோய்க்கு வழங்கிய பெயர்!

அந்த வேறு நோய் எது தெரியுமா? நாம் புழுவெட்டு என்கிறோமே, அதுதான். வழுவழுவென்று வட்டமாக முடி கொட்டும். அதில் காளானும் இல்லை. பெயரில் இருந்தாலும், புழுவும் இல்லை. உடலின் காவல் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது அது.

மற்ற டாக்டர்கள் புழுவெட்டுக்காரர்களின் முடியை எடுத்துப் பார்த்தார்கள். காளானைக் காணோம். குரூபி சொன்னது தவறு என்று முடிவு கட்டினார்கள். அரை நூற்றாண்டு, அந்தக் கட்டுரைகளை மதிப்பார் இல்லை.

குரூபி ஆராய்ச்சியை விட்டு வைத்தியத்தில் இறங்கினார். சங்கீத மேதை ஷோபின், கவிஞர் ஹைனே, நாவலாசிரியர் டூமா எல்லோரும் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள். விசித்திரமான பத்தியங்கள் சொல்வார் என்று ஊரே பேசிற்று. மோன்மார்த்தர் மேட்டிலிருந்த வீட்டில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களையும் பார்த்தார்.

சபுரோ வந்தார்

1890-க்குப் பிறகு சபுரோ என்ற இளம் டாக்டர், பாரிசின் சாங் லூயி ஆஸ்பத்திரியில் படையை ஆராயத் தொடங்கினார். தலைப்படை வந்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு படிக்கக்கூடாது என்று, அவர்களுக்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் தனிப் பள்ளிக்கூடம் நடந்த காலம் அது.

சர்க்கரை கலந்த கூழில் காளானை வளர்த்துப் பார்த்தார் சபுரோ. பழைய கட்டுரைகளைப் புரட்டினார். குரூபி கண்டது அத்தனையும் மெய்! தவறு பெயரில்தான் என்று விளக்கி எழுதினார். சபுரோவின் கூழ் இன்றும் அவர் பெயரால் சோதனைச்சாலைகளில் இருக்கிறது.

குரூபியின் முறையும் இருக்கிறது. வட்டமாகச் சிவந்து அரிப்பதெல்லாம் படர்தாமரை அல்ல. கரப்பானும் அப்படி இருக்கும். கரப்பானுக்குப் பூசும் ஸ்டீராய்டு களிம்பைப் படர்தாமரையில் தடவினால், சிவப்பு குறையும். காளானோ உள்ளுக்குள் பரவும். பிறகு டாக்டருக்கே அடையாளம் தெரியாது. அதனால், சந்தேகம் வந்தால் செதிளைச் சுரண்டிக் காரக் கரைசலில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

சபுரோ எழுதியபோது குரூபி உயிரோடுதான் இருந்தார். வயது எண்பதுக்கு மேல். தனிக்கட்டை. நோயில் விழுந்தபோது ஒருவரையும் உள்ளே விடவில்லை.

1898 நவம்பரில், பூட்டிய கதவை உடைத்துத் திறந்தார்கள். உள்ளே டாக்டர் குரூபி இறந்து கிடந்தார்.