ஏடு திருத்திய பெரியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஒரு நாட்டின் செல்வம் வயலிலும் தோட்டத்திலும் கடலிலும் விளைகின்றதென்பர். அஃது உண்மையே. ஆயினும் விளைந்த செல்வம் நிலைபெறுவதும், அதன் பயன் குடிகளைச் சென்றடைவதும் அரசின் சட்டங்களிலும் அலுவலகங்களிலுமே பெரிதும் தங்கியுள்ளன. இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் பணியால் விளக்கிக் காட்டியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அவரை அரசியல் தலைவராகவும் சைவ அறிஞராகவும் நம்மவர் நன்கறிவர். நிருவாகியாய் அவர் ஆற்றிய அரும்பணியை நினைப்போர் மிகச் சிலரே.

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பொன்னம்பல முதலியாரின் மூன்றாம் புதல்வராகத் தோன்றினார். குமாரசுவாமி, இராமநாதன் என்போர் அவர்தம் தமையன்மார். பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்று, 1870இல் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, அங்கே கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றார். 1875ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். திறந்த போட்டித் தேர்வின் வழியாக அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. அதன்பின் தீவின் பல ஊர்களிலும் நீதிபரிபாலனக் கடமைகளை ஆற்றினார்.

தேசாதிபதி சேர் ஆதர் கோடன், மூத்தோர் பலரைக் கடந்து, அவரைப் பதிவாளர் நாயகம் பதவியில் அமர்த்தினார். அப்பதவி வெறும் எழுத்து வேலை என்று கருதற்க. கமக்காரன் ஒருவன் விதைநெல்லுக்கும் மாட்டுக்கும் பணம் வேண்டித் தன் காணியை ஈடு வைக்க எண்ணுகிறான். அக்காணி அவனுடையதுதானா, முன்னரே வேறொருவருக்கு ஈடாக எழுதப்பட்டதா என்பதைப் பதிவேடு தெளிவாகக் கூறுமாயின், கடன் கொடுப்போன் அச்சமின்றிக் குறைந்த வட்டிக்குக் கொடுப்பான். ஏடு குழம்பிக் கிடப்பின் வட்டி ஏறும். ஒரே காணி இருவருக்கு விலைப்படும். விளைச்சலின் பயன் வழக்குச் செலவிற் கரைந்துபோகும். ஆகவே காணிப் பதிவைச் சீர்செய்தல் குடியானவனுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதற்கு ஒப்பான பணியாகும். அருணாசலம் அவர்கள் அத்திணைக்களத்தின் சீர்கேடுகளைக் களைந்து, உறுதிகளின் பதிவை ஒழுங்குபடுத்தினார்.

பிறப்பு, இறப்புப் பதிவிலும் அவர் கருத்தூன்றினார். எவ்வூரிற் காய்ச்சல் மிகுந்தது, எவ்விடத்திற் குழந்தைகள் மிகுதியாக மாண்டன என்பவற்றை அறியாத அரசு, வைத்தியசாலையை எங்கே நிறுவும்? நல்ல நீருக்கு எங்கே வழி செய்யும்? எண்ணப்படாத துன்பம் அரசின் கண்ணுக்குப் புலப்படாத துன்பமாகிவிடும். 1901ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பை நடத்தும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஏறக்குறைய 35 லட்சம் மக்களைக் கணக்கிட்டு அவர் எழுதிய அறிக்கை, இத்தீவின் மக்கள், மொழி, சமயம், வரலாறு ஆகிய அனைத்தையும் ஆராயும் அரிய நூலாக அமைந்தது.

1912இல் நிருவாக சபையில் இடம்பெற்ற அவர், அடுத்த ஆண்டில் இளைப்பாறினார். 1914இல் சேர் பட்டம் பெற்றார். பட்டமும் ஓய்வும் பெற்றோர் அரசைக் குறைகூறாதிருத்தல் அக்கால வழக்கம். அவரோ மாறாக நடந்தார். வரி செலுத்தும் மக்களுக்கு அவ்வரியைச் செலவிடுவதிற் போதிய உரிமை இல்லாதவரை, எத்துணை நல்ல ஏடும் பயன்படாது என்பதை உள்ளேயிருந்து கண்டவர் அவர். 1917இல் இலங்கைச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து உழைத்தார். 1919இல் நிறுவப்பெற்ற இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார்.

ஏழைகளையும் அவர் மறந்தாரல்லர். 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலன் பேணும் சங்கத்தையும் தோற்றுவித்தார். அக்காலத்திலே தோட்டத் தொழிலாளி வேலையை விட்டு நீங்குதல் சிறைக்குரிய குற்றம். முன்னைய தோட்டத்துத் துண்டு இன்றி அவன் வேறு தோட்டத்திற் சேர இயலாது. கடனோ நிழல்போல் உடன்வரும். தேயிலையால் நாட்டின் வருமானம் பெருகிற்று. அதனைப் பெருக்கிய கைகள் சட்டத்தாற் கட்டுண்டு கிடந்தன. இக்கொடுமையை எதிர்த்துக் குரலெழுப்பியவருள் அவர் முன்னின்றார். சிறைத் தண்டனையும் துண்டு முறையும் 1921ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஒழிந்தன.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதல் அவர் இயக்கம் நடத்தினார். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. முழுப் பல்கலைக்கழகம் 1942இலேயே உருவாயிற்று. அவர் வேண்டியன யாவும் கைகூடினவென்று கூறுதற்கில்லை. மேல் மாகாணத் தமிழர் பிரதிநிதித்துவம் பற்றித் தரப்பட்ட வாக்குறுதி காக்கப்படாமையால், தாம் வளர்த்த காங்கிரஸை விட்டு 1921இல் மனம் நொந்து விலகினார். சட்டமும் சபையும் எத்துணைச் சீராக அமைந்தாலும், அவற்றை நடத்துவோரிடம் வாக்குறுதி காக்கும் நேர்மை இல்லையேல் மக்களின் நம்பிக்கை நிலைக்காது என்பதற்கு இதுவே சான்று.

1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், தல யாத்திரை சென்றிருந்த வேளையில், மதுரையம்பதியிலே அவர் இறைவனடி சேர்ந்தார்.

மாணவர்களே, உங்களுட் பலர் நாளை அரச அலுவலகங்களிற் கடமை ஏற்பீர்கள். உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு தாளின் பின்னும் ஒரு குடும்பத்தின் காணியோ, ஒரு நோயாளியின் உயிரோ, ஒரு பிள்ளையின் படிப்போ காத்து நிற்கும். அத்தாளைத் தாமதியாது, கையூட்டு வாங்காது, பிழையின்றி எழுதுவோனும் நாட்டின் செல்வத்தைப் பெருக்குகின்றான். அருணாசலம் அவர்களின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.