நோயாளியாகவும் இருந்த மருத்துவர்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மகளிர் நோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுவந்த மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் சக மருத்துவர்களுடன் சென்ற பயணத்தில் விபத்துக்குள்ளானார். தண்டுவடம் சிதைந்ததால் இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் நிரந்தரமாக அற்றுப்போயின. அப்போது அவருக்கு வயது 28.

கொச்சியை அடுத்த செராயியில் 1925-இல் பிறந்த அவர், மருத்துவம் பயில்வதற்காக வேலூருக்கு வந்தவர். விபத்து நேர்ந்த காலத்தில் தண்டுவடப் பாதிப்பு என்பது பெரும்பாலும் மரண தண்டனைக்கு ஒப்பானது. உயிர் பிழைத்தாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் நோயாளியை மெல்ல மெல்லக் கொண்டுபோய்விடும். தன் மருத்துவ வாழ்வு முடிந்துவிட்டது என்றே மேரி வர்கீஸும் கருதினார்.

அவ்வாறு முடிந்துவிடாமல் தடுத்தவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் வளர்த்தெடுத்தவர் அவர். ஆனால், அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு பாடத்தையும் அவர் கற்றிருந்தார். கை சீரான பின்பும் நோயாளிகளுக்கு வேலை தர எவரும் முன்வரவில்லை. ஊனம் மறைந்ததால் பிச்சையும் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சை அறைக்குள் வெற்றியாகத் தெரிந்தது, நோயாளியின் வாழ்க்கையில் இழப்பாக முடிந்தது. அதை நோயாளிகள் வாயிலாகவே உணர்ந்த பிராண்ட், அவர்கள் தொழில் கற்பதற்கென ஒரு புதுவாழ்வு மையத்தைத் தொடங்கினார்.

கை அறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்ய முடியும் என்பதை மேரி வர்கீஸுக்கு உணர்த்தியவரும் பிராண்ட்தான். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை பெற்று, நிமிர்ந்து உட்காரப் பழகிய மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். மருத்துவரைக் கண்டதும் நோயாளிகளின் முகத்தில் தோன்றிய நம்பிக்கை, எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாதது.

அத்துடன் அவர் நிறைவடையவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில், பிறர் உதவியின்றித் தன் அன்றாடப் பணிகளைச் செய்யக் கற்றார். பின்னர் நியூயார்க்கில், ஹோவர்ட் ரஸ்க் தலைமையிலான நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தில் உயர் பயிற்சி பெற்றார். நாடு திரும்பி வேலூரில் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986 டிசம்பரில் மறைந்தார்.

சிகிச்சை அளிப்பவர், சிகிச்சை பெறுபவர் ஆகிய இருவரின் அறிவும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததுதான் மேரி வர்கீஸின் தனிச் சிறப்பு. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எவ்வளவு கடினம், வாசற்படி எவ்வளவு உயரமாக இருந்தால் வீடே சிறையாகும் என்பனவற்றைப் பாடநூல் வழியாக மட்டுமல்லாமல், தன் உடல் வழியாகவும் அறிந்தவர் அவர்.

அந்த வேலூர் மரபின் நீட்சியை இன்றும் காணலாம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப் பொறியியல் துறையும் சென்னை ஐஐடியும் இணைந்து, கைப் பயிற்சிக்காக புளூட்டோ என்ற இயந்திரத்தை உருவாக்கின. ஒரே மோட்டாரில் வெவ்வேறு பிடிகளை மாற்றிப் பொருத்தி, கணினித் திரையில் விளையாடியபடியே மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி அளிக்கலாம். நோயாளிகள், அவர்களைப் பராமரிப்போர், மருத்துவத் துறையினர் ஆகிய மூன்று தரப்பினரிடமும் அதைக் கொடுத்துப் பயன்பாட்டைச் சோதித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூர் மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அமராவதி நகர் போன்ற ஊர்களில் வாழும் தொழிலாளி ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், நாள்தோறும் நகரத்துக்குச் சென்று இயன்முறைப் பயிற்சி பெறுவது எளிதன்று. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால், பயிற்சியாளர் வராத நாள்களிலும் பயிற்சி தொடர்ந்தாக வேண்டும். கைப்பேசிச் செயலியும் சிறு இயந்திரமும் உதவக்கூடிய இடம் அது.

அவை யாருடைய தேவைக்காக வடிவமைக்கப்படுகின்றன என்பதே கேள்வி. ஓவர்லாக் இயந்திரத்தில் தைத்துப் பழகியவருக்குத் திரையில் நாணயம் பொறுக்கும் விளையாட்டைவிட, துணியின் இரு ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து ஊசிக்கு நேரே நகர்த்தும் பயிற்சி தேவைப்படலாம். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி பகலில் வேறொருவருடன் வேலைக்குச் சென்றிருக்கலாம். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் நாளே செயலி மூடப்படும். இவற்றைப் பொறியாளர் தம் அறையில் அமர்ந்து ஊகிக்க முடியாது. நோயாளியும் இயன்முறை மருத்துவரும் அவருடன் அமர்ந்தால் முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

பொருளாதாரக் கணக்கும் இதையே சொல்கிறது. பயன்படுத்தப்படாமல் மூலையில் கிடக்கும் கருவியின் விலை, அதை வாங்கிய தொகையோடு முடிவதில்லை. திரும்பப் பெறாத கூலியும், பராமரிக்க வேண்டி வேலையை விட்ட குடும்பத்தினரின் வருமானமும் அதில் அடங்கும்.

எனவே, பொதுப் பணத்தில் வாங்கப்படும் எந்த மறுவாழ்வுக் கருவியும், வரைபட நிலையிலிருந்தே நோயாளிகளையும் மருத்துவத் துறையினரையும் கலந்து உருவாக்கப்பட்டதா என்று அரசு கேட்க வேண்டும். கலந்தாலோசனைக்கு வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியையும் பயணச் செலவையும் வழங்க வேண்டும். பீஸ் ரேட்டில் வாழ்ந்தவரின் குடும்பம் ஒரு நாளை இலவசமாகத் தர இயலாது.

மருத்துவராக இருந்ததால் மேரி வர்கீஸின் சொல்லுக்கு மருத்துவமனைக்குள் இடம் கிடைத்தது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பழகிய கைக்கு அந்த இடம் தானாகக் கிடைப்பதில்லை. நாம்தான் அதை ஏற்படுத்தித் தர வேண்டும்.