ஜேம்ஸ் பார்க்கின்சன்

ஜேம்ஸ் பார்க்கின்சன் (ஏப்ரல் 11, 1755 – டிசம்பர் 21, 1824) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவரும் நிலவியலாளரும் அரசியல் சீர்திருத்தவாதியும் ஆவார். பார்க்கின்சன் நோய் என வழங்கப்படும் நடுக்குவாதத்தைத் தனியொரு நோயாக 1817ஆம் ஆண்டில் விளக்கியமைக்காக அறியப்படுகிறார். இவர் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அந்நோய்க்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டது.

வாழ்க்கை

பார்க்கின்சன் இலண்டனின் ஷோர்டிச் பகுதியிலுள்ள ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் பிறந்தார். இவருடைய தந்தை ஜான் பார்க்கின்சன் அப்பகுதியில் மருந்தாளுநராகவும் அறுவை மருத்துவராகவும் பணியாற்றினார். ஜேம்ஸ் 1784இல் அறுவை மருத்துவராக ஏற்பு பெற்று, அதே சதுக்கத்தில் தந்தையின் பணியைத் தொடர்ந்தார். இவருடைய மனைவி மேரி டேல் ஆவார்.

அரசியல்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நாடாளுமன்றச் சீர்திருத்தத்தை வலியுறுத்தி, 'ஓல்ட் ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் துண்டு நூல்கள் எழுதினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நச்சு அம்பால் கொல்லச் சதி நடந்ததாக எழுந்த வழக்கில், 1794இல் அரச மன்றத்தின் முன் விசாரிக்கப்பட்டார்.

நிலவியல்

தொல்லுயிர் எச்சங்களைச் சேகரித்து ஆராய்ந்த இவர், அவை பற்றிய நூலை 1804, 1808, 1811 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1807இல் தொடங்கப்பட்ட இலண்டன் நிலவியல் கழகத்தின் நிறுவன உறுப்பினர்களுள் இவரும் ஒருவர்.

நடுக்குவாத ஆய்வு

1817இல் வெளியான இவரது சிறுநூல் ஆறு பேரின் நிலையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. அவர்களுள் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தொலைவிலிருந்து மட்டுமே கண்டார். ஓய்வில் இருக்கும் உறுப்பு நடுங்குதல், முன்னோக்கிக் கூனுதல், நடை தானே விரைந்து ஓட்டமாக மாறுதல் ஆகியவை ஒரே நோயின் அறிகுறிகள் என்பதை இவர் கண்டறிந்தார். அதுவரை அவை பெரும்பாலும் வெவ்வேறாகவே கருதப்பட்டன.

நோயின் இருப்பிடம் கழுத்துப் பகுதித் தண்டுவடம் என இவர் கருதியது தவறாகும். இவர் பரிந்துரைத்த, கழுத்தில் குருதி வடித்தலும் பயன் தரவில்லை. ஆயினும் இறந்தோரின் உடலை ஆராயும் வாய்ப்பின்றித் தாம் கூறுவது ஊகமே என்பதை ஒப்புக்கொண்டு, பிறர் ஆய்வைத் தொடர வேண்டினார்.

பிற்கால ஆய்வுகள்

பிரெஞ்சு நரம்பியலாளர் ஜான் மார்ட்டின் ஷார்க்கோ, இந்நோயில் தசை விறைப்பும் இயக்க மந்தமும் உண்டு எனக் காட்டினார். செயலின்போது நடுக்கம் தோன்றும் பிற நோய்களிலிருந்து இதனைப் பிரித்தறிந்தார். எல்லா நோயாளிகளும் நடுங்குவதில்லை என்பதால், பழைய பெயரை விடுத்துப் பார்க்கின்சனின் பெயரை முன்மொழிந்தவரும் இவரே. நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் பகுதியின் நரம்பணுக்கள் அழிவதை 1919இல் திரெத்தியாக்கோவ் சுட்டினார். அதனால் டோப்பமைன் என்னும் வேதிப்பொருள் குறைவது 1960இல் தெரியவந்தது. 1960களில் பயன்பாட்டுக்கு வந்த லெவோடோப்பா மருந்து அறிகுறிகளைத் தணிக்கிறது. நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை.

நினைவு

இவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 11, 1997 முதல் உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இவருடையது என உறுதியான உருவப்படம் எதுவும் இல்லை. இணையத்தில் இவர் பெயரில் உலவும் ஒளிப்படங்கள் பிறருடையவை. இவர் மறைந்தபோது மனிதரை ஒளிப்படம் எடுக்கும் முறை உருவாகியிருக்கவில்லை.